லிட்டர் அறுபதாயிரம்

பெயின்டர்: தங்கச்சி, நேற்று என் வீட்டம்மாவிடம் ஒரு நகப் பாலிஷ் கொடுத்தீங்களே, தண்ணீரில் போய்விடும் என்று. எந்தத் தண்ணீரில்? கார்ப்பரேஷன் தண்ணீரா, போர் தண்ணீரா?

கடைப்பெண்: தண்ணீரில் போகும் என்று நான் சொல்லவே இல்லை அண்ணே. வாட்டர் பேஸ்டு என்றுதான் சொன்னேன்.

பெயின்டர்: வாட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள். நான் கூட வந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன், இது எமல்ஷன் என்று.

கடைப்பெண்: எமல்ஷன் எல்லாம் இல்லை அண்ணே. நேச்சுரல்.

பெயின்டர்: எனக்குப் பெயின்ட் அடிப்பதுதான் தொழில் அம்மா. சுவருக்கு அடிப்பதையும் தண்ணீர் ஊற்றித்தான் கலக்குகிறேன். தண்ணீர் ஆவியாகிப் போனதும் உள்ளே இருக்கும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். அப்புறம் மழையே அடித்தாலும் போகாது. போனால் வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடுவாரா?

கடைப்பெண்: ஆனால் நாற்றமே இல்லையே, கவனிச்சீங்களா?

பெயின்டர்: கவனிச்சேன். அதற்கு முழு மார்க். தின்னர் இல்லாததால் தலைவலி இல்லை. நல்ல சரக்குதான், நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு வாங்கினீங்க?

கடைப்பெண்: 480.

பெயின்டர்: எத்தனை மில்லி?

கடைப்பெண்: 8.

பெயின்டர்: (விரல் விட்டு எண்ணி) லிட்டர் அறுபதாயிரம்.

கடைப்பெண்: இதை யாரும் லிட்டர் கணக்கில் வாங்க மாட்டாங்க அண்ணே.

பெயின்டர்: எப்படி வாங்குவாங்க? நகையை அடகு வைக்கணுமே. அறுபதாயிரம் இருந்தால் சின்ன வீடு ஒன்றைப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரெண்டு கோட்டு முடித்து, வீட்டுக்காரர் இழுத்தடிக்கும் கடைசிப் பாக்கியையும் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

கடைப்பெண்: இதில் பத்துக் கெமிக்கல் கிடையாது அண்ணே. இதோ, முன்னாலேயே போட்டிருக்கு. டொலுயீன் இல்லை, ஃபார்மால்டிஹைடு இல்லை, டைபியூட்டைல் தாலேட் இல்லை...

பெயின்டர்: அந்த மூன்றும் போனது நல்லதுதான். எங்கள் தின்னரில் டொலுயீன் உண்டு. ஜன்னல் திறக்காத அறையில் நாள் முழுக்க அடித்தால் ராத்திரி சோறு இறங்காது. சரி, இல்லாததெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கு. உள்ளே இருப்பது எங்கே?

கடைப்பெண்: பின்னால் இருக்கும்.

பெயின்டர்: மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும்போது புளி வேண்டாம், மிளகாய் வேண்டாம், பெருங்காயம் வேண்டாம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் எதைப் பொட்டலம் கட்டுவார்?

கடைப்பெண்: உங்களுக்குச் சாதாரண பாலிஷே போதும் என்றால் அதுவும் இருக்கு. ஆனால் அது முழுக்கக் கெமிக்கல். இதுதான் இயற்கை.

பெயின்டர்: உங்கள் சாதாரண பாலிஷ் எங்கள் ஊர்க்காரன் அம்மா. என்.சி. லாக்கர், நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் காருக்கு அடிக்க வந்தது, பின்னாலேயே நகத்துக்கும் வந்துவிட்டது. மர பீரோவுக்கு இன்றைக்கும் அதைத்தான் அடிக்கிறோம். பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலத்தில் போட்டு எடுப்பது அது. இந்த அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒன்று பிறந்தது பஞ்சில், இன்னொன்று பிறந்தது எண்ணெய்க் கிணற்றில். இதில் எது இயற்கை, நீங்களே சொல்லுங்க.

கடைப்பெண்: (பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) இலை படம் இதில்தான் இருக்கு அண்ணே.

பெயின்டர்: அந்த இலைதான் லிட்டர் அறுபதாயிரம்.

(ஊக்கு வாங்கப் பின்னால் நின்றிருந்தேன். அவசரம்தான். ஆனாலும் நகர மனசு வரவில்லை.)

கடைப்பெண்: நிறமும் இயற்கையாகவே வேண்டும் என்றால் இன்னொன்று இருக்கு. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் ஒரு அக்கா வாங்கிப் போனாங்க. மறுநாளே வந்து ஒரே சண்டை.

பெயின்டர்: ஏன், போகவில்லையா?

கடைப்பெண்: அவங்க பையன் பின்னால் இருந்ததைப் படித்துவிட்டான். சி.ஐ. 75470 என்று நிறத்தின் நம்பர். கார்மைன். கள்ளிச் செடியில் வளரும் பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கிற சிவப்பு. இயற்கை வேண்டும் என்றுதானே கேட்டீங்க அக்கா, பூச்சி இயற்கை இல்லையா என்றேன்.

பெயின்டர்: சபாஷ்! மரத்துக்கு அடிக்கும் எங்கள் ஃபிரெஞ்சு பாலிஷும் அதே கதைதான். அதில் இருக்கும் அரக்கு என்பது பூச்சி சுரப்பது. நல்ல வேளை, மர நாற்காலி விரதம் இருப்பதில்லை. சரி, என் கதைக்கு வாங்க. நாளைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடப் பிரேயரில் நகத்தை நீட்டச் சொல்வாங்க. பாப்பா பத்து விரலிலும் ரெண்டு கோட்டு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கு. இதை எடுக்க என்ன வழி?

கடைப்பெண்: இதோ, சோயா ரிமூவர். சுற்றுச்சூழலுக்கு நல்லது. 50 மில்லி 350.

பெயின்டர்: லிட்டர் ஏழாயிரம். எப்படிப் போடணும்?

கடைப்பெண்: பஞ்சில் நனைத்து நகத்தின் மேல் வைத்து அப்படியே விட்டுவிடணும். கொஞ்ச நேரம் ஊறணும். அப்புறம் தேய்க்கணும். போகாவிட்டால் இன்னொரு பஞ்சு. கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

பெயின்டர்: பத்து விரலும் முடிவதற்குள் ஒரு தலையணைப் பஞ்சு குப்பைக்குப் போய்விடும். அதற்குச் சுற்றுச்சூழல் ஒன்றும் சொல்லாதா?

கடைப்பெண்: அப்படியென்றால் இது, அசிட்டோன் இல்லாதது. விலை குறைவு.

பெயின்டர்: (மூடியைத் திறந்து முகர்ந்து) எத்தில் அசிடேட்.

கடைப்பெண்: படிக்காமலே சொல்றீங்களே!

பெயின்டர்: இந்தப் பழ வாசனை என் சட்டையிலேயே இருக்கும். அசிட்டோனை வெளியே அனுப்பிவிட்டு அதன் பங்காளியை உள்ளே உட்காரவைத்திருக்காங்க. அதைவிடச் சாவகாசமாக வேலை பார்க்கும். அதனால் நாம் இன்னும் அதிக நேரம் தேய்ப்போம். கொஞ்சம் இருங்க. உங்கள் கையை ஏன் துப்பட்டாவுக்குள் வைச்சிருக்கீங்க?

கடைப்பெண்: ஒன்றுமில்லை அண்ணே.

பெயின்டர்: காட்டுங்க.

(காட்டினாள். ஐந்து நகத்தில் ஐந்து நிறம். நுனியெல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உரிந்திருந்தது.)

கடைப்பெண்: யாராவது ஷேடு கேட்டால் என் நகத்தில் போட்டுத்தான் காட்டணும். அடுத்த ஆள் வருவதற்குள் அழிக்கணும்.

பெயின்டர்: எதை வைத்து? இந்தச் சோயாவா?

கடைப்பெண்: அது விற்பதற்கு அண்ணே. எனக்குக் கவுன்டருக்கு அடியில் கேன் இருக்கு. அசிட்டோன், 5 லிட்டர்.

பெயின்டர்: ஆக, வாங்குகிறவர் விரலுக்கு இலை படம், விற்கிறவர் விரலுக்குக் கேன். நகத்தில் இருக்கும் எண்ணெயை எல்லாம் அசிட்டோன் உறிஞ்சிவிடும். ராத்திரி தேங்காய் எண்ணெயாவது தடவுறீங்களா?

கடைப்பெண்: ஞாபகம் வந்தால் தடவுவேன்.

பெயின்டர்: வெள்ளை அட்டை ஒன்றில் ஒவ்வொரு ஷேடும் ஒரு கோடு பூசி, கீழே நம்பர் எழுதி வையுங்க. எங்கள் ஷேடு கார்டு அப்படித்தான். சுவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போயா நாங்கள் கலர் காட்டுகிறோம்?

கடைப்பெண்: கேட்டுப் பார்த்தேன். கையில் போட்டுக் காட்டினால்தான் ஓடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை விடுங்க அண்ணே, பாப்பாவுக்கு வழி பாருங்க.

பெயின்டர்: அந்தச் சானிடைசரை எடுங்க. இந்த அக்ரிலிக்கை அதில் இருக்கும் ஸ்பிரிட் இளக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை ஊறவைத்து, மேலே ஒரு சொட்டு விட்டு, ஓரத்தை லேசாக நெம்பினால் தோலாக உரிந்து வரும். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

கடைப்பெண்: (செல்போனில் பாட்டிலைப் படம் பிடித்துப் பெரிதாக்கி) அட, இதிலேயே போட்டிருக்கு! வெதுவெதுப்பான நீர் அல்லது ஆல்கஹால்.

பெயின்டர்: எங்கே?

கடைப்பெண்: பின்னால், அடியில், பார்கோடுக்குக் கீழே.

பெயின்டர்: நல்ல இடமாகப் பார்த்து ஒளித்திருக்காங்க. சானிடைசர் எவ்வளவு?

கடைப்பெண்: 100 மில்லி 50. லிட்டர் ஐந்நூறு, நானே சொல்லிவிட்டேன். அண்ணே, முதலாளி வருகிறார். ஏதாவது வாங்குகிற மாதிரிப் பேசுங்க.

பெயின்டர்: (உரக்க) இந்தச் சிவப்பு நன்றாகத்தான் இருக்கும்மா. ஆனால் பாட்டிலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி விரலில் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்.