பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு

‘பதிவு செய்யாத சமையல் குறிப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்’ என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு முறையே கிடையாது. எழுதி வைத்த நொடியிலேயே உரிமை வந்துவிடும், எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் இருக்கும்.

சரி, எதற்கு உரிமை? மீன் தலைக் கறியில் வெண்டைக்காய் போடும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. நீங்களும் தாராளமாகச் சமைக்கலாம், விற்கலாம், உங்கள் சொற்களில் எழுதலாம். சமையல் குறிப்பு போட்ட அக்கா ஒருவர் தன் நடையில் எழுதிய பத்தியையும் எடுத்த படத்தையும் அப்படியே வெட்டி ஒட்டினால்தான் சிக்கல். பெயர் போட்டால் போதும் என்பதும் தப்பு, அனுமதி வேறு.

அப்புறம், சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், படமெடுத்தவருக்கே சொந்தம். கல்யாண வீட்டுக்காரர்கள் கவனிக்கவும்!