ஷ்மிட் கண்ணாடித் தகட்டைத் தேய்த்த விதம்

தொலைநோக்கிக் கண்ணாடிகள் செய்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் எஸ்தோனியாவின் நைஸ்ஸார் தீவில் பிறந்து, சிறுவயதில் வெடிமருந்து விபத்தில் வலது கையை இழந்து, ஜெர்மனியில் மிட்வைடாவிலும் பிறகு ஹாம்பர்க்கிலும் வாழ்ந்ததை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1930-ல் அவர் செய்த, வானத்தின் பரந்த பகுதியைப் படமெடுக்கும் தொலைநோக்கிக் கேமராவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவர் பெயர் நிலைத்ததே அதனால்தான்.

தொலைநோக்கிகளில் ஒளியைக் குவிக்கும் பரவளைய (parabola) வடிவக் கண்ணாடியில், படத்தின் நடுவில் மட்டும் விண்மீன் புள்ளியாகத் தெரியும். ஓரத்தில் வால் முளைத்துவிடும். கோள வடிவக் கண்ணாடியோ எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. ஷ்மிட் அந்தக் கோள வடிவக் கண்ணாடியையே வைத்துக்கொண்டு, குறையைச் சரிசெய்ய அதன் வளைவு மையத்தில் (அந்தக் கோளத்தின் மையத்தில்) ஒரு மெல்லிய கண்ணாடித் திருத்தத் தகட்டை நிறுத்தினார். முதல் கேமராவில் தகட்டின் விட்டம் 36 செ.மீ., கண்ணாடியின் விட்டம் 44 செ.மீ., குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து படம் விழும் இடம் வரை) 62.5 செ.மீ. வளைவு மையம் இதைப்போல இரு மடங்கு தூரத்தில் இருக்கும். ஆகவே தகடு கண்ணாடியிலிருந்து 125 செ.மீ. தள்ளி நிற்கும். குழாய் நீளமாவது இதனால்தான்.

அந்தத் தகட்டின் வளைவைக் கையால் தேய்த்துக் கொண்டுவருவது பெரும்பாடு. அவர் தடித்த விளிம்புள்ள பாத்திரத்தின் மேல் தகட்டை மூடிபோல வைத்து, உள்ளிருந்த காற்றைக் கொஞ்சம் உறிஞ்சினார். தகடு குழிந்தது. அந்த நிலையில் மேற்பரப்பைச் சாதாரணக் கோள வளைவாகத் தேய்த்து மெருகேற்றிவிட்டுக் காற்றை உள்ளே விட, தகடு நிமிர்ந்தது. வேண்டிய வளைவு தானாக வந்தது. காற்றை அதிகம் உறிஞ்சினால் தகடு உடையும். தடிமன் சீராக இல்லாவிட்டால் ஒருபக்கம் கூடுதலாக வளைந்து, விண்மீன்கள் நீள்வட்டமாகிவிடும்.

இன்னொன்று: குவியப் பரப்பு, அதாவது படம் விழும் பரப்பு, தட்டையல்ல, புடைத்தது. அதனால் ஃபிலிமையும் வளைத்துத்தான் பொருத்த வேண்டும். நம் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலும் ஒரு ஷ்மிட் தொலைநோக்கி உண்டு.