பச்சையாகத் தெரிகிறது என்பதற்காகப் பிணைப் பணத்தை விடுவிக்க முடியாது

மூன்று நாளாக அந்தப் படம்தான் சுற்றுகிறது. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச்சரிவு, இடுப்புயரப் புல், மேலே நீல வானம். "இது நிலக்கரிச் சுரங்கமாக இருந்த இடமாம்! இதற்கு மேலும் கம்பெனியின் பணத்தை அரசு பிடித்து வைத்திருப்பது அநியாயம்" என்று எழுதிப் பகிர்கிறார்கள். மறுத்து இரண்டு வரி எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "வளர்ச்சிக்கு எதிரி". வலிக்கத்தான் செய்தது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

புல் முளைத்ததற்காகப் பிணைப் பணத்தைத் திருப்பித் தர முடியாது. அந்தப் பணம் அபராதமும் இல்லை, வரியும் இல்லை. அமெரிக்காவின் 1977 திறந்தவெளிச் சுரங்கச் சட்டப்படி, தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே கம்பெனி பிணை கட்ட வேண்டும். நாளைக்கு அது திவாலாகி ஓடிவிட்டால், வேறொரு ஒப்பந்தக்காரரை வைத்து அரசே நிலத்தைச் சீர்செய்ய எவ்வளவு ஆகுமோ, அதுதான் தொகை. 10,000 டாலருக்குக் குறையக் கூடாது.

"மொத்தத்தையும் பிடித்து வைக்கிறார்கள்" என்பதும் தவறு. விடுவிப்பு மூன்று கட்டமாக நடக்கிறது. குழியை நிரப்பி, செங்குத்தாக நிற்கும் வெட்டுச் சுவரை மூடி, நிலத்தை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, வடிகாலும் அமைத்துவிட்டால் 60 சதவீதம் வரை முதல் கட்டத்திலேயே திரும்பக் கிடைக்கும். மண் அள்ளும் வேலைதான் பெரும் செலவு என்பதால் அது நியாயமே. இரண்டாம் கட்டத்துக்குச் செடிகள் வேர்பிடித்திருக்க வேண்டும், அங்கிருந்து ஓடைக்கு அளவுக்கு மீறி வண்டல் போகக் கூடாது. முதல்தர விளைநிலமாக இருந்தால் மூன்று சாகுபடி ஆண்டுகளின் விளைச்சலை அளந்து, தோண்டாத நிலத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று காட்ட வேண்டும். மீதித் தொகை கடைசிக் கட்டத்துக்கு. சண்டையெல்லாம் அந்த மீதிக்குத்தான்.

மழை ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் இடத்தில் ஐந்து வருடம், அதற்குக் குறைந்த வறண்ட மேற்குப் பகுதிகளில் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. புல் விதைத்த நாளிலிருந்து கணக்கு ஓடாது. கடைசியாக விதை தூவி, உரம் போட்டு, நீர் பாய்ச்சிய வருடத்துக்குப் பிறகுதான் ஓடும். நான்காம் வருடம் புல் வெளுக்கிறதே என்று உரம் போட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். வழக்கமான பராமரிப்பு என்று முன்பே ஒப்புதல் பெற்ற வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. மரத்துக்கும் இப்படித்தான். இரண்டு வளர்பருவம் தாண்டாத கன்று எண்ணிக்கையிலேயே வராது. எண்ணப்படும் மரங்களில் 80 சதவீதம், காத்திருப்புக் காலத்தின் 60 சதவீதமாவது மண்ணில் நின்றிருக்க வேண்டும். ஐந்து வருடக் கணக்கில் அது மூன்று வருடம். ஆய்வுக்கு முந்தின மாதம் லாரியில் கன்று கொண்டுவந்து நட்டால் செல்லாது.

புல்லை நான் நம்பாததற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. டோசர் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிச் சமன்செய்த நிலம் கல்லாக இறுகிவிடும். முரட்டுப் புல் அதிலும் வரும், அதன் வேருக்கு நாலு விரல் மண் போதும். மரம் வராது. அதனால்தான் அப்பலாச்சியாவில் காடு மீட்பவர்கள் குறைந்தது நாலு அடிக்கு இறுகாத மண், மேலே லேசான சமன்செய்தல், கன்றோடு போட்டி போடாத மென்மையான செடிகள் என்று கேட்கிறார்கள். படத்தில் இருக்கும் அந்த அடர்ந்த புல் மரக்கன்றின் வெளிச்சத்தையும் நீரையும் பிடுங்கிக்கொள்ளும். நீங்கள் ரசிப்பது ஒரு காடு வளரத் தடையாக இருக்கலாம்.

தண்ணீர் இன்னும் மோசம். நிரப்பிய மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்து, காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். நிலத்தடி நீர் மெல்ல ஏறி நிரம்பிய பிறகு, சில வருடம் கழித்துச் சரிவின் அடிவாரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கசியும். மேலே புல் அப்போதும் பச்சையாகவே இருக்கும்! அந்த நீரைச் சுத்திகரிக்கும் செலவுக்கு முடிவு தேதி கிடையாது.

"கம்பெனியின் முதலீடு முடங்குகிறதே" என்கிறார்கள். ஆமாம், பிணைக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பொது விசாரணை நடக்காத விடுவிப்பு விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் தர வேண்டிய அதிகாரி இழுத்தடித்தால் அது தவறு, நானும் கண்டிப்பேன். "பெரிய கம்பெனி, எங்கே ஓடிப்போகும்?" என்று இன்னொருவர். 2015 ஆகஸ்டில் ஆல்ஃபா, 2016 ஜனவரியில் ஆர்ச், ஏப்ரலில் பீபாடி என்று மூன்று பெரும் நிலக்கரிக் கம்பெனிகள் அடுத்தடுத்துத் திவால் மனு போட்டன. மூன்றும் பணம் கட்டாமல் தங்கள் பெயரையே பிணையாக வைக்கச் சில மாநிலங்களில் அனுமதி பெற்றிருந்தவை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல?

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2009இல் நம் நிலக்கரி அமைச்சகம் கொண்டுவந்த ஏற்பாட்டில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும் வரை எடுக்க முடியாத கணக்கில், போடச் சொன்னார்கள். அதில் 80 சதவீதம் வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலையைப் பார்த்துப் படிப்படியாகத் திரும்பும், மீதி கடைசியில் என்று அந்த ஏற்பாடு இருந்தது. நெய்வேலியின் மண்மேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களாவது அந்தப் படத்தைப் பார்த்து ஒரு நொடி யோசித்திருக்கலாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் அமெரிக்கச் சட்டப்படி, கடைசிக் கட்டம் விடுவிக்கப்பட்டதும் அந்த நிலத்தின் மேல் ஒழுங்குமுறை அலுவலகத்தின் அதிகாரமும் முடிகிறது. மோசடியோ, கூட்டுச் சதியோ, முக்கியத் தகவலைத் திரித்ததோ வெளிப்பட்டால்தான் கோப்பை மறுபடி திறக்க முடியும். வெறுமனே "பிறகு கசிந்தது" என்று போய் நின்றால் கதவு மூடியிருக்கும்.

அதற்கு முன்பே, விடுவிப்பு விண்ணப்பம் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம் விளம்பரம் வர வேண்டும். கடைசி விளம்பரத்திலிருந்து 30 நாள் ஆட்சேபம் சொல்லலாம். நில உரிமையாளர் ஆய்வின்போது கூடவே போகலாம். போங்கள், ஒரு மண்வெட்டியோடு. பத்து இடத்தில் குத்திப் பாருங்கள், எத்தனை அங்குலத்தில் அது நிற்கிறது என்று. மழை விட்ட மறுநாள் அடிவாரம் முழுக்க நடந்து பாருங்கள். கடைசி உரம் எந்த மாதம் போடப்பட்டது என்று ரசீதைக் கேளுங்கள்.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களிடமும் அதே கேள்விதான்: கடைசி உரம் எப்போது போட்டார்கள்?