ரிப்போர்ட் தெரிந்த அன்றே விசாரணை

"ஒழுக்கமாக இருப்பவர்களுக்கு எச்.பி.வி. ஏன் வரப்போகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எச்.பி.வி. என்பது பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றும், சில வகைகள் புற்றுநோய் வரை கொண்டுபோகும் வைரஸ். எங்கள் அக்காவுக்குக் கல்யாணமாகி 19 வருஷம். போன வருஷம் எச்.பி.வி. பரிசோதனையில் பாசிட்டிவ். ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் மறைத்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தானுக்குத் தெரிந்ததும் முதல் கேள்வி, "யாரால் வந்தது?"

டாக்டரம்மா பேசிய பிறகுதான் பஞ்சாயத்து அடங்கியது. இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்குமாம். எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று தேதி போட்டுச் சொல்லவே முடியாது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்பதும் தப்பு. இந்த வைரஸின் 200க்கும் மேற்பட்ட வகைகளில் 16, 18 என்று எண் போட்ட இரண்டுதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். எச்.பி.வி. தடுப்பூசி எல்லா வகையையும் தடுக்காது, அதனால் போட்டவர்களும் பிற்பாடு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

"பொம்பளை நோய்" என்று ஒதுங்குகிற ஆண்களுக்கு ஒன்று: தொண்டையிலும் ஆசனவாயிலும் உங்களுக்கும் இதனால் புற்றுநோய் வரலாம்.

அக்கா மகளுக்கு 13 வயது, தடுப்பூசி முதல் டோஸ் போட்டாச்சு. பையனுக்கும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டது அத்தான்தான்.