லோலீட்டா ஹாலோவேயை வெறும் திருட்டு வழக்காகச் சுருக்காதீர்கள்

அமெரிக்கப் பாடகி லோலீட்டா ஹாலோவே பற்றி யார் எழுதினாலும் 1989-இல்தான் ஆரம்பிக்கிறார்கள். இத்தாலியில் மூன்று பேர் இவர் குரலை வெட்டி எடுத்து ஒரு பாட்டு செய்தார்கள், அது பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது, டிவியில் வேறொரு பெண் வாயசைத்தார், இவர் வக்கீலைப் பிடித்தார். எல்லாம் உண்மைதான், நானும் அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முந்தைய இருபது வருஷம் இந்த அம்மா என்ன பாடிக்கொண்டிருந்தார் என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு எரிச்சல் அங்கேதான்.

1946-இல் சிகாகோவில் பிறந்தவர். சர்ச்சில் வளர்ந்த குரல். அம்மாவோடு பாடகர் குழுவில் பாடிவிட்டு, அறுபதுகளின் கடைசியில் ஆல்பர்டினா வாக்கரின் ‘கேரவன்ஸ்’ குழுவில் சேர்ந்தார். காஸ்பெல், அதாவது கறுப்பினச் சர்ச்சுகளின் பக்தி இசை உலகத்தில் கேரவன்ஸ் பெரிய இடம், ஷெர்லி சீசரும் ஜேம்ஸ் கிளீவ்லண்டும் அங்கே இருந்து வந்தவர்கள்தான். காஸ்பெலில் ஒரு பழக்கம் உண்டு. எழுதின பாட்டு முடிந்துவிடும், ஆனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். குழு ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும், முன்னணிப் பாடகர் அதன் மேல் ஏறி அந்த நேரத்தில் தோன்றியதையெல்லாம் பாடுவார், கத்துவார், பேசுவார், கூட்டத்தைக் கேள்வி கேட்பார். நம் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஹாலோவேயின் முழுத் திறமையும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகுதான் அவர் ஆரம்பிப்பார்.

அங்கிருந்து சோல் இசைக்கு வந்தார். 1971-இல் கர்டிஸ் மேஃபீல்டின் ‘ரெயின்போ’ பாட்டைத் தன் பாணியில் பாடிப் பதிவு செய்தார். கிதார் கலைஞர் ஃபிளாய்ட் ஸ்மித் மேனேஜராகவும் கணவராகவும் ஆனார். பிறகு அட்லாண்டாவில் ‘அவேர்’ என்ற லேபிளில் இரண்டு ஆல்பம். 1975-இல் ‘க்ரை டு மீ’ கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. சரி, இனி ஏறுமுகம்தான் என்று நினைக்கும்போது கம்பெனியே கவிழ்ந்தது. அதன் முதலாளி மைக்கேல் தீவிஸ் ஆபாசப் பத்திரிகை வியாபாரத்தில் சம்பாதித்தவர், பிற்பாடு ஜெயிலுக்குப் போனவர். எழுபதுகளின் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் இந்த மாதிரி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதைத் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம் ஃபிலடெல்ஃபியா. நார்மன் ஹாரிஸ் என்ற கிதார் கலைஞர், அந்த ஊர் இசைக்கே ஒரு தனி ஒலியைக் கொடுத்தவர்களில் ஒருவர், சால்சோல் கம்பெனியின் கீழ் ‘கோல்ட் மைண்ட்’ என்று ஒரு லேபிள் தொடங்கி இவரைக் கூப்பிட்டுக்கொண்டார். ‘ஹிட் அண்ட் ரன்’ அங்கே பிறந்தது. ஆல்பத்தில் வந்த பதிப்பு நல்ல பாட்டு, அவ்வளவுதான் சொல்வேன். ஆனால் 1977-இல் சால்சோல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வால்டர் கிப்பன்ஸ் என்ற நியூயார்க் டிஜேயிடம் அந்தப் பாட்டின் மல்டிட்ராக் டேப்பையே தூக்கிக் கொடுத்துவிட்டது. குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று எல்லாம் பிரிந்து கிடக்கிற டேப். டிஜேக்களை அதன் பக்கத்திலேயே விடாத காலம் அது.

கிப்பன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? சரணங்களை, அதாவது எழுதி வைத்த ஒழுங்கான பகுதியைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிட்டார். கடைசியில் ஹாலோவே தன்னிஷ்டத்துக்குப் பாடிய பகுதி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்து நீட்டி, நடுவில் வாத்தியங்களைக் குறைத்து டிரம்ஸை மட்டும் ஓடவிட்டு, பதினோரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துவிட்டார். ஒரு பாடகியின் உயிர் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கேட்ட காது அது. டிஸ்கோ ரீமிக்ஸ் வரலாற்றில் இதற்குத் தனி அத்தியாயம் கொடுக்கிறார்கள், கொடுக்க வேண்டியதுதான்.

என் கருத்து இங்கேதான் கொஞ்சம் சிக்கலாகிறது. அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவர் குரல் முதல்முறையாக முழு உயரத்துக்குப் போகிறது. அதே நேரம் அந்தக் குரலைப் பாட்டிலிருந்து பிரித்துத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம், வேண்டிய இடத்தில் ஒட்டலாம் என்பதையும் அதே ரெக்கார்டுதான் காட்டிக்கொடுத்தது. கிப்பன்ஸ் கம்பெனி அனுமதியோடு செய்தார், ரெக்கார்டில் பாடகி பெயர் இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து சேம்ப்ளர் (பதிவான ஒலியை வெட்டி எடுத்து வேண்டிய இடத்தில் ஒலிக்கவிடும் கருவி) கையில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டும் தேவைப்படவில்லை.

‘லவ் சென்சேஷன்’ 1980-இல் வந்தது. எழுதித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன், மிக்ஸ் செய்தவர் டாம் மோல்டன். ஹார்ட்மன் திருப்தியே அடையாமல் மறுபடி மறுபடி பாட வைத்ததில் இவர் தொண்டை போய்விட்டது. காபியில் விக்ஸைக் கலந்து குடித்துவிட்டுப் பாடினேன் என்று ஹாலோவேயே பேட்டியில் சொல்லியிருக்கிறார் (தயவுசெய்து யாரும் முயற்சி செய்யாதீர்கள்). பாட்டு அமெரிக்க டான்ஸ் பட்டியலில் முதலிடம் போனது. கிளப்களில் இவரை அம்மனாகவே கொண்டாடினார்கள், நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் மாதிரி இடங்களில் நேரிலும் பாடினார். கிளப் கதவுக்கு வெளியே பெயர் அவ்வளவாகப் போகவில்லை.

இப்போது 1989. முதலில் சொன்ன அந்த மூன்று இத்தாலியர்களின் குழு பிளாக் பாக்ஸ், பாட்டு ‘ரைடு ஆன் டைம்’. அந்த உச்சக் கத்தல் அத்தனையும் ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து வெட்டியது. டிவியில் கேத்ரின் கினோல் என்ற மாடல் வாயசைத்தார். பிரிட்டனில் அந்த வருஷம் மிக அதிகம் விற்ற சிங்கிள் அது. ஹாலோவே வக்கீல் வைத்து சமரசத் தொகை வாங்கினார். இதற்கிடையில் பாட்டை ஹெதர் ஸ்மால் என்ற பாடகியை வைத்துத் திரும்பப் பாட வைத்து, புதுப் பதிப்பையும் விட்டார்கள்.

நம்ம சினிமாவில் எல்லோரும்தானே வாயசைக்கிறார்கள், இதில் என்ன பெரிய குற்றம் என்று ஒரு நண்பர் கேட்டார். ஐயா, பின்னணி பாடுபவருக்குத் தான் எதற்குப் பாடுகிறோம் என்று தெரியும், சம்பளம் உண்டு, பெயர் டைட்டிலில் வரும், ரேடியோவில் சொல்வார்கள். இங்கே பாடியவருக்கே தெரியாது, கேட்கிற ஜனங்களுக்கும் தெரியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டின் உரிமை எழுதியவருக்கு, ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்கு. பாடியவர் கையில் சட்டப்படி பெரிதாக எதுவும் இல்லை. சேம்பிள் பண்ணியவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் தொடுவதே இல்லை.

அதே பிளாக் பாக்ஸ் அடுத்து மார்த்தா வாஷ் என்ற பாடகியைப் பாட வைத்து, அதற்கும் கினோலையே வாயசைக்க வைத்தது. சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற குழுவும் வாஷ் குரலுக்கு வீடியோவில் வேறொரு பெண்ணை நிறுத்தியது. உடம்பு பெருத்த கறுப்பினப் பெண்ணின் குரல் வேண்டும், முகம் வேண்டாம். வாஷ் வரிசையாக வழக்குப் போட்டார், பணமும் ஒரு ரெக்கார்டு ஒப்பந்தமும் வாங்கினார். அவர் சண்டை போட்டதால்தான் இந்தப் பழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது.

1991-இல் மார்க்கி மார்க் (ஆமாம், பிற்பாடு நடிகரான மார்க் வால்பெர்க்தான்) ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டில் அதே ‘லவ் சென்சேஷன்’ குரலை எடுத்தார். இந்த முறை பாடகி பெயர் பக்கத்திலேயே இருந்தது, வீடியோவிலும் அவரே வந்து நின்றார். பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பெயர் போட்டால் விற்காது என்று சொன்னவர்கள் எங்கே போனார்கள்?

1993-இல் டேக் தட் குழு ‘ரிலைட் மை ஃபயர்’ பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அது 1979-இல் ஹார்ட்மன் போட்ட பாட்டு, அதில் நடுவில் வந்து கூரையைப் பிய்க்கிற பெண் குரல் ஹாலோவேயுடையது. புதிய பதிப்பில் அந்த இடத்தில் லுலு என்ற பாடகி. மோசமில்லை, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் லுலு பாவம்.

2011 மார்ச் 21-இல் இறந்தார், 64 வயது. அஞ்சலிக் குறிப்புகளிலும் பிளாக் பாக்ஸுக்குத்தான் பாதி இடம்.

கேட்கலாம் என்று நினைப்பவர்கள் கிப்பன்ஸின் ‘ஹிட் அண்ட் ரன்’ 12 இன்ச் பதிப்பில் தொடங்குங்கள், ஆல்பம் பதிப்பு வேண்டாம். அடுத்து சால்சோல் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடிய ‘ரன்அவே’. அது முடிந்ததும் டிஸ்கோவை மூடிவைத்துவிட்டு சாம் டீஸ் எழுதிய ‘வோர்ன் அவுட் புரோக்கன் ஹார்ட்’ போடுங்கள். மெதுவான பாட்டு, யாரும் ஆட முடியாது, எந்த டிஜேயும் வெட்டி எடுத்துப் புகழ்பெறவில்லை. என்னைக் கேட்டால் அவர் பாடியதிலேயே அதுதான் முதல் இடம், ‘லவ் சென்சேஷன்’ இரண்டாவதுதான். சண்டைக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.