கைப்பக்குவத்துக்கு என்ன விலை?

இரண்டு நாளாக என் டைம்லைனில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கை வைத்த ரோபோ, பிப்பெட்டைப் (திரவத்தை அளந்து உறிஞ்சி ஊற்றும் குழாய்) பிடித்துத் தட்டில் இருக்கும் செல்களுக்குத் தீனி போடுகிறது. கீழே ஒரு கமென்ட்: "போச்சு, லேப்லயும் இனி நமக்கு வேலை இல்ல."

படித்ததும் சிரித்துவிட்டேன். அந்த வேலையை இரண்டரை வருஷம் பார்த்தவன் நான்.

பெங்களூரில் ஒரு ஆய்வகம். ஐ.பி.எஸ். செல் வளர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. (போலீஸ் இல்லை. தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த சாதாரண செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது கருவில் இருந்த நிலைக்குத் திரும்பிப் போய்விடும். அப்புறம் கண், மூளை, இதயம் என்று எதுவாகவும் வளர்த்தெடுக்கலாம். இப்படி வேறு செல்லாக வளரக்கூடியதைத்தான் ஸ்டெம் செல் என்பார்கள்; ஐ.பி.எஸ். அதில் ஒரு வகை. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் எலிச் செல்லிலும் 2007இல் மனிதச் செல்லிலும் செய்து காட்டினார். 2012இல் நோபல்.)

கேட்க அற்புதமாக இருக்கும். வேலை என்னவோ மாடு வளர்ப்பதுதான். மாடு வைத்திருப்பவன் வெளியூர் போக முடியாது இல்லையா, அதே கதை. 37 டிகிரி இன்குபேட்டரில் உட்கார்ந்திருக்கும் செல்களுக்குத் தினமும் பழைய மீடியாவை, அதாவது செல் வளரும் சத்து நீரை, உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். ஞாயிறு, தீபாவளி, தங்கச்சி கல்யாணம் எதுவும் அதுகளுக்குத் தெரியாது. ஒரு நாள் தவறினால் இளஞ்சிவப்பு மீடியா மஞ்சளாகிக் கிடக்கும். கழிவு சேர்ந்து புளித்துவிட்டது என்று அர்த்தம்.

தீனி போடுவதையாவது யாரும் பழகிக்கொள்ளலாம். பிரித்து நடுவதுதான் வித்தை. செல்கள் பெருகித் தட்டில் இடம் நெருங்கும்போது, நாற்றுப் பிடுங்கி நடுவது மாதிரி வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். ரொம்பப் பொடியாகப் பிரிந்தால் செத்துவிடும். பெரிய கட்டியாக விட்டுவிட்டால் தன் இஷ்டத்துக்கு வேறு ஏதோவாக மாற ஆரம்பித்துவிடும். பிப்பெட்டால் உறிஞ்சி அடித்துத்தான் கட்டியைப் பிரிப்போம். எங்கள் செய்முறைத் தாளில் '3 முதல் 5 முறை, மென்மையாக' என்று எழுதியிருக்கும். மென்மையாக என்றால் எவ்வளவு?

அங்கே சீனியர் அக்கா ஒருவர் இருந்தார், திண்டுக்கல் பக்கம். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்ப்பார். "இன்னிக்கு வேணாம் தம்பி, நாளைக்குக் காலைல பிரிச்சுடு" என்பார். எப்படிக்கா தெரியும் என்றால், "பாத்தா தெரியும்." அவ்வளவுதான் பாடம். அந்த அக்கா பிரசவத்துக்குப் போன இரண்டு மாதமும் எங்கள் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குப்பைக்குப் போயின. பூஞ்சை இல்லை, மீடியாவும் அதேதான். அம்மாவின் ரசப்பொடியையே போட்டு நாம் ரசம் வைத்தாலும் வேறு எதுவோ வருமே, அதுதான் நடந்தது.

ரசம் சரியில்லை என்றால் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு மனிதரின் கண்ணுக்குள் வைக்கப்போகும் செல்லை "பாத்தா தெரியும்" என்பதை நம்பி எப்படி வளர்ப்பது?

கண் என்று சும்மா சொல்லவில்லை. ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த திசுவை மனிதருக்கு முதன்முதலில் வைத்ததே கண்ணில்தான். 2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், விழித்திரை நடுப்பகுதி கெட்டுப்போன எழுபது வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய தோலிலிருந்தே உருவாக்கிய நிறமிச் செல் படலத்தை வைத்தார்கள். ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் மசாயோ தகாஹாஷி குழுவின் வேலை அது. படலத்தின் அளவு 1.3க்கு 3 மில்லிமீட்டர், அரிசி மணியில் பாதிகூட வராது. அதற்கு ஆன செலவு சுமார் 10 கோடி யென் என்று சொல்வார்கள். நம் பணத்தில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல்.

அவ்வளவு பணமும் மருந்துப் பொருளுக்குப் போகவில்லை. தூசியும் கிருமியும் அண்டாத கிளீன் ரூமைப் பல மாதம் ஓட்டுவது, அதற்குள் முழு உடை மாட்டிக்கொண்டு தினமும் நுழையும் ஆட்கள், கட்டத்துக்குக் கட்டம் பரிசோதனை. எல்லாம் ஒரே ஒரு நோயாளிக்காக.

இந்த இடத்தில்தான் ரோபோ வருகிறது. அதே ரிக்கென் வட்டாரத்தில் 'மஹோரோ' என்ற இரட்டைக் கை ரோபோவிடம் விழித்திரை நிறமிச் செல் வளர்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. எத்தனை நாள் எந்த மருந்து, எவ்வளவு நேரம் நொதியில் ஊற வைப்பது என்று மாற்றக்கூடியவற்றையெல்லாம் மாற்றி மாற்றிச் சேர்த்தால் சுமார் 20 கோடி விதமாகச் செய்து பார்க்கலாம். அடுத்து எதைச் செய்து பார்ப்பது என்பதை ஒரு கணினி நிரல் தேர்ந்தெடுத்துச் சொல்ல, ரோபோ 111 நாளில் 143 விதமாக வளர்த்துப் பார்த்தது. நிறமி ஏறிய அளவை வைத்துப் பார்த்தால், ஆரம்பித்த இடத்தைவிட 88 சதவீதம் மேல்.

என்னை உலுக்கியது அந்த 88 இல்லை. மாற்றிப் பார்த்த விஷயங்களின் பட்டியலில் பிப்பெட்டால் செல்லை எவ்வளவு வேகத்தில் அடிப்பது என்பதும் ஒன்று. எங்கள் தாளில் 'மென்மையாக' என்று கிடந்த வார்த்தை அங்கே ஓர் எண். அக்காவின் மணிக்கட்டில் இருந்த விஷயத்தைத் தாளில் எழுதிவிட்டார்கள். எழுதிவிட்டால் இன்னொரு ஊருக்கு அனுப்பலாம், தப்பு வந்தால் எந்த வரியில் என்று தேடலாம். ஆள் பிரசவத்துக்குப் போனாலும் நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்காக ரோபோ வந்ததும் எல்லாம் மலிந்துவிடும் என்று துள்ள வேண்டாம். கோபேயில் இரண்டாவது நோயாளிக்கும் செல் வளர்த்தார்கள், ஆனால் வைக்கவில்லை. அதில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் 2015இல் நிறுத்திவிட்டார்கள். கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் செல்லுக்குள் நடப்பது நடக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைச் செலவை இரண்டு இரும்புக் கை குறைத்துவிடாது. இன்னொன்று, நான் தப்புச் செய்தால் ஒரு தட்டு போகும். மிஷினில் ஒரு எண் தப்பாக ஏறிவிட்டால் மொத்த பேட்சும் ஒரே மாதிரி, ரொம்ப ஒழுங்காகக் கெட்டுப்போகும்.

ஆனாலும் அளவு என்று ஒன்று இருக்கிறதே. கியோட்டோவில் பார்கின்சன் நோயாளிகள் ஏழு பேருக்கு ஐ.பி.எஸ். வழி நரம்புச் செல்களை மூளையில் வைத்த சோதனையின் முடிவு 2025இல் வந்தது. அங்கே ஒருவருக்குத் தேவைப்பட்டவை சுமார் ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி செல்கள் வரை. ஒரு மாரடைப்பில் சாகும் இதயச் செல்கள் நூறு கோடி அளவுக்கு இருக்கும். அத்தனையையும் தட்டுத் தட்டாக எந்த அக்கா வளர்ப்பார்? ஒசாகாவில் யமனகாவின் அறக்கட்டளை, யூனிக்லோ துணிக் கம்பெனி முதலாளி யனாயின் நன்கொடையில், மூடிய தானியங்கிக் கருவிகளில் அவரவர் செல்லிலிருந்தே ஐ.பி.எஸ். தயாரிக்கும் கூடம் வைத்திருக்கிறது. ஒருவருக்கு 10 லட்சம் யென் என்ற அளவுக்குக் கொண்டுவருவது இலக்கு. மேலே சொன்ன 10 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் பயம் வேறு. இந்தக் கருவிகள் பலவற்றில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் குழாய், பை, வடிகட்டி அடங்கிய செட் மாட்ட வேண்டும். அதைக் கருவி விற்றவரிடமேதான் வாங்க வேண்டும். பிரின்டரை மலிவாக வாங்கிவிட்டு இங்க் வாங்கியே ஓட்டாண்டியான அனுபவம் நம் வீடுகளில் இருக்கிறது. அக்காவின் கைப்பக்குவம் அக்காவோடு போனது ஒரு கஷ்டம் என்றால், அதை ஒரு கம்பெனி பெட்டிக்குள் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய கஷ்டம்.

வேலூர் சி.எம்.சி.யில் ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றிய, நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்கள்) வெளியே அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கிக் கருவியில் தயாரித்துப் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஸ்டெம் செல் இல்லை, டி செல். ஆனாலும் வழி அதுதான் என்று நினைக்கிறேன். பொது மருத்துவமனைகள் கருவி வாங்க டெண்டர் போடும்போது, விலைக்குப் பக்கத்திலேயே அந்த ஒருமுறை செட்டின் பத்து வருஷ விலையையும், வேறு ஆள் தயாரித்த செட் பொருந்துமா என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

(மூட்டுவலிக்கு ஸ்டெம் செல் போடலாமா என்று இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி நிலைபெற்ற சிகிச்சை வேறு, தெருவுக்குத் தெரு போர்டு வைத்து விற்பது வேறு. டாக்டரிடம் அந்தச் சிகிச்சைக்கான அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.)

அந்த ரோபோ வீடியோவை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பையன் இப்போது மூன்றாவது படிக்கிறானாம். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது.

"நல்லாத்தான் பண்ணுது தம்பி. கொஞ்சம் வேகமா அடிக்குது."