ஹீரோன்ர மூஞ்சையை இழுக்காதேங்கோ

புதுப்படம் வாற கிழமை கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியால போனா கொஞ்சம் தலையை நிமித்திப் பாருங்கோ. பனரில அவ்வளவு வடிவான ஹீரோன்ர தாடையை நாலடி அகலத்துக்கு இழுத்து ஆணியடிச்சு வைச்சிருப்பினம். ஆம்பிளையளை ரசிக்கிற ஆம்பிளை எனக்கு இது கொலைக்குற்றம்.

பனர் அடிக்கிறவருக்கு ஹீரோன்ர படத்தை வாட்சப்பில சும்மா படமா அனுப்பினா ஏறக்குறைய 1,600 பிக்சலுக்குச் சுருங்கிப்போகும். 10 அடி பனர் எண்டா 120 அங்குலம். அங்குலத்துக்கு 13 பிக்சல்தான் மிச்சம். மீசை கட்டம் கட்டமா வரும். டொக்கியூமெண்டா அனுப்புங்கோவன் ராசாக்கள்! நெட்டைப் படத்தை அகலச் சட்டத்துக்காக ஒரு பக்கம் மட்டும் இழுக்காமல், மிச்ச இடத்துக்கு வெறும் நிறம் விடுங்கோ. (அங்க ரசிகர் மன்றப் பெடியள் தங்கட பாஸ்போட் படத்தைப் போடுவினம், அது வேற கதை.)

சோளகம் (தென்மேற்குக் காத்து) தொடங்கினா அடுத்த கூத்து. ஓரத்தை மடிச்சு ஒட்டி, இரண்டடிக்கு ஒரு கயிறு கோக்கிற கண் போட்டுக் கட்டோணும். நாலு மூலையில மட்டும் கட்டினா பனர் பாய்மரம்தான். பின்னேரம் ஹீரோ மூக்கோட கிழிஞ்சு தொங்குவார்.

பாலை ஏன் ஊத்துறியள்? பிளெக்ஸ் பால் குடியாது. வழிஞ்சு கீழ்மடிப்பில தேங்கி, வன்னி வெயிலுக்கு மத்தியானமே புளிச்சு, எறும்பு மொய்க்கும்.

பெடியள் வரிசையா ஏணியில ஏறி அவரின்ர கன்னத்தைக் கொஞ்சினா ரசிகர் பாசம். நான் ஒருத்தனைக் கொஞ்சினா 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையைத் தூக்கி, ஒருபாலுறவைக் குற்றமாக்கிற 365அ பிரிவைக் காட்டுவினம். ஏணியை இஞ்சாலயும் தாங்கோ, மீசையில கிடக்கிற பாலையாவது துடைச்சு விடுறன்.